பாட்டைச் சுமப்பவர்கள்

மாகறல் கோயிலைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். கோயிலில் ஒரு பலா மரம் நின்றதாம். நாள் தவறாமல் அதில் ஒரு பழம் பழுக்கும். அதைத் தில்லைக்குச் சுமந்துபோய் நடராசருக்குப் படைத்து, படைத்த பழத்தை அங்கிருந்து சோழ ராசாவிடம் கொண்டுசேர்க்க வேண்டும். ராசேந்திர சோழன் என்று தலபுராணம் பேர் சொல்கிறது. ஊரார் முறை வைத்துச் சுமந்தார்கள். ஒருநாள் முறை ஒரு பையனுக்கு வந்தது. அவன் பழத்தைத் தூக்கவில்லை. மரத்துக்கே தீ வைத்துவிட்டான். அவன் கண்ணைக் கட்டி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடும்படி ராசாவின் கட்டளை. போகும்போது பொழுது விடிந்த இடம்தான் இன்றைக்கு விடிமாகறல் என்கிறார்கள். பிறகு ராசாவின் கண்ணில் ஒரு பொன்னிற உடும்பு பட, துரத்த, அது புற்றுக்குள் நுழைய, புற்றை வெட்ட, சுவாமி வெளிப்பட்டார் என்று கதை போகும். கருவறையில் இருப்பது உடும்பின் வால் போன்ற லிங்கம்.

சின்ன வயதில் எனக்கு இந்தக் கதையில் உடும்புதான் பெரிது. இப்போது பலாப்பழம் பெரிதாகத் தெரிகிறது. மாகறல் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. அங்கிருந்து தில்லை வரை நடை. பலாப்பழம் முள்ளால் தோளைக் குத்தும், பால் ஒட்டினால் எண்ணெய் போட்டுத்தான் எடுக்க வேண்டும், வெயில் ஏற ஏற வாசனைக்கு ஈ மொய்க்கும். மரம் ஊருடையது, சுளை அரண்மனைக்கு. எரித்த பையன் மீது இந்த வயதில் எனக்குக் கோபம் வருவதில்லை.

இந்தக் கதை மறுபடி நினைவுக்கு வந்ததற்குக் காரணம் என் அக்கா மகள். காஞ்சிபுரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருஷம் தேவாரம் படித்தவள். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் கணக்கு எழுதுகிறாள். பிரதோஷத்தன்று மாகறலுக்குப் போய்ப் பாடுகிறாள். அந்த ஊருக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று உண்டு, மூன்றாம் திருமுறையில் 72ஆவது. பண் சாதாரி. இன்றைய வழக்கில் பந்துவராளி. பதினோரு பாட்டையும் முழுசாகப் பதிவு செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தறிகள் நிறைந்த எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பகலில் ஒலிப்பதிவு செய்ய முடியாது. எந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாலும் தறி உள்ளே வந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல், கடைசித் தறி அடங்கியதும், தோழி வீட்டு மாடியில் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டு மூன்று ராத்திரி பாடி முடித்தாள். ஒரு வயலின், தம்புராவுக்கு ஒரு செயலி, அவ்வளவுதான் துணை.

பாட மூன்று ராத்திரி ஆனது. அதை வெளியே அனுப்ப யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு மாதம் ஆயிற்று.

வெளியில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஸ்பாட்டிஃபையில் பாட்டைப் போட வேண்டும் என்றால் நேரே போய்ப் போட்டுவிட வேண்டியதுதானே என்றுதான் நானும் கேட்டேன். முடியாது. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற பெரிய கடைகள் பாடகரின் கையிலிருந்து நேராக வாங்குவதில்லை. 2018இல் ஸ்பாட்டிஃபை அப்படி ஒரு வழியைச் சிலருக்குத் திறந்து பார்த்தது. அடுத்த வருஷம் ஜூலையிலேயே மூடிவிட்டது. நடுவில் ஒருவர் வேண்டும். டிஸ்ட்ரிப்யூட்டர் என்கிறார்கள். அவர் பாட்டை வாங்கி, அதற்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற பன்னிரண்டு எழுத்து அடையாளம் கொடுத்து, எல்லாக் கடைக்கும் அனுப்பி, கடைகள் தரும் காசைத் திரட்டி, தன் கணக்கைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். பலாப்பழத்தை இப்போதும் ஒருவர் சுமந்துதான் ஆக வேண்டும்.

நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். நடுவில் நிற்பவரைப் பற்றி எங்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா ஒரு முதலாளியிடம் கூலிக்கு நெய்தார். பாவும் ஊடையும் சரிகையும் முதலாளியுடையவை, தறியும் உடம்பும் எங்களுடையவை. கோர்வைப் புடவை என்றால் கரைக்கு ஒரு ஆள் கூட உட்கார வேண்டும். அது அம்மாவோ அக்காவோ. அந்த இரண்டாவது ஆளுக்குப் பாஸ்புக்கில் பேர் கிடையாது. புடவை கைவிட்டுப் போன பிறகு எந்த ஊரில், எந்தக் கல்யாணத்தில், எந்தப் பெண் கட்டினாள் என்பது அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது. 'அந்த மாம்பழக் கலர் புடவை எங்க போச்சோ' என்று ராத்திரி சாப்பாட்டில் கேட்பார். யாரிடம் கேட்கிறார் என்று எங்களுக்கு அப்போது புரியவில்லை.

அதனால் அக்கா மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சேவையின் நிபந்தனையாக வாசித்துக் காட்டியபோது, எனக்கு அவை புதிதாகப் படவில்லை. வருஷச் சந்தா கட்டினால் எத்தனை பாட்டு வேண்டுமானாலும் போடலாம், வருமானம் முழுக்க உனக்கே என்கிறது ஒன்று. பிலிப் கப்லான் 2013இல் தொடங்கிய டிஸ்ட்ரோகிட் அந்த வகை. இது குத்தகை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகைப் பணம் கட்ட வேண்டும். முதலில் ஒன்றும் தர வேண்டாம், வருவதில் 15 சதவீதம் எனக்கு என்கிறது இங்கிலாந்தின் ரூட்நோட். இது வாரம், விளைந்தால்தான் பங்கு. 1998இல் தொடங்கிய சி.டி. பேபி வெளியீட்டுக்கு ஒரே ஒரு முறை கட்டணம் வாங்கிக்கொண்டு, பிறகு வருவதில் 9 சதவீதம் எடுக்கிறது. முன்பணம் கொடுத்து, அது கழியும் வரை பாட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. அதற்கு நம் ஊரில் ஒற்றி என்று பேர். ஒற்றி வைத்த நிலம் திரும்பிய கதையும் திரும்பாத கதையும் எல்லாத் தெருவிலும் இருக்கிறது.

"எது லாபம் மாமா?" என்றாள்.

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு தேவாரப் பதிகத்தை வருஷத்துக்கு எத்தனை பேர் கேட்பார்கள்? 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு விதி: முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவுரிமைக் காசு கிடையாது. 999 முறை கேட்டால் சுழி. அந்தப் பங்கு போய்ச் சேருவது அதிகம் கேட்கப்பட்ட பாட்டுகளின் பொதுக் கணக்கில். இப்படிப்பட்ட பாட்டுக்கு வருஷாவருஷம் டாலரில் குத்தகை கட்டுவது விளையாத மேட்டு நிலத்துக்குத் தீர்வை கட்டுவது போல. வாரமோ ஒருமுறைக் கட்டணமோதான் இவளுக்கு என்று சொல்லிவிட்டேன். அமெரிக்கக் கம்பெனி என்றால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தை மறக்காமல் நிரப்பு, நிரப்பினால் அந்த நாட்டில் கேட்டவர்கள் மூலம் வருவதில் 15 சதவீதம் வரி, நிரப்பாவிட்டால் 30 என்றும் சொன்னேன். எழுந்து கைகழுவப் போய்விட்டேன். என் பங்குக்கு விஷயம் முடிந்தது.

அவள் முடிக்கவில்லை. "அது சரி மாமா. நான் சந்தா கட்டாம விட்டா பாட்டு என்ன ஆவும்?"

இந்தக் கேள்விக்குத்தான் ஒரு மாதம் ஆனது. பாடுகிறவர்கள் ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது எத்தனை கடை, எவ்வளவு சீக்கிரம், எத்தனை சதவீதம் என்பவைதான். நானும் அதைத்தான் பார்த்தேன். உள்ளே நுழையும் வாசலில் எல்லாருமே மாலையோடு நிற்கிறார்கள். வெளியேறும் வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க நிபந்தனைகளின் அடிவரை போக வேண்டும். சந்தா நின்றால் பாட்டு கடைகளிலிருந்து இறங்கிவிடும். இறங்காமல் இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனியாக ஒரு தொகை கட்டலாம் என்கிறது டிஸ்ட்ரோகிட். பாடியவர் படுக்கையில் விழுந்தாலும், வங்கி அட்டையின் கெடு முடிந்து அதைப் புதுப்பிக்க ஆளில்லாமல் போனாலும், அந்த வருஷக் கடைசியில் குரல் அணையும். பாட்டு அங்கே விற்கப்படவும் இல்லை, வைக்கப்படவும் இல்லை, வாடகைக்கு மாட்டப்பட்டிருக்கிறது.

இதை வாசித்த ராத்திரி எனக்குத் தஞ்சைக் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. ராசராசன் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரை அமர்த்தினான். உடன் வாசிக்க உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர், ஆக 50. ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். கூலி இவ்வளவு என்பதோடு அந்தக் கல் நிற்கவில்லை. அவர்களில் ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவருக்கு நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரைத் தேடி அமர்த்த வேண்டும். உறவினரே இல்லையென்றால் மற்றவர்கள் கூடி ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாடுகிறவன் போன பிறகும் பாட்டு நிற்கக் கூடாது என்ற கவலையை ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து யோசித்து, கிளை கிளையாகப் பிரித்து, கல்லில் வெட்டியிருக்கிறார். அக்கா மகள் திறந்து காட்டிய எந்த ஒப்பந்தத்திலும் இவ்வளவு அக்கறையை நான் பார்க்கவில்லை.

அந்த அக்கறைக்குக் காரணம் இருந்தது. பாட்டு அழிவதை அந்தத் தலைமுறை பார்த்திருந்தது. சம்பந்தர் பாடியவை 16,000 பதிகம் என்பது மரபு. இன்று நம் கையில் இருப்பவை 400க்கும் குறைவு. தில்லையில் பூட்டிய அறைக்குள் ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்ததைத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. நம்பியாண்டார் நம்பி எடுத்துக் கொடுத்த மிச்சத்துக்குப் பண் எது என்று சொல்ல ஆளில்லாமல், எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தார்கள் என்றும் சொல்கிறது. சொல் ஏட்டில் கிடைத்தது, இசை ஒரு பெண்ணின் தொண்டையில் கிடைத்தது. அவள் பேரைப் புராணம் சொல்லவில்லை. அம்மாவின் பேர் இல்லாத பாஸ்புக் மாதிரி.

பூட்டிய அறையும் கரையானும் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு மைஸ்பேஸ் ஞாபகம் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் தனியாகப் பாடுகிற உலகம் முழுக்க அங்கேதான் பாட்டைக் கொட்டி வைத்தது. சர்வர் மாற்றும்போது பழைய கோப்புகள் போய்விட்டன என்று 2019இல் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1.4 கோடிக் கலைஞர்களின் 5 கோடிக்கும் மேற்பட்ட பாட்டுகள், ஏறக்குறைய பன்னிரண்டு வருஷ விளைச்சல். கடைகளும் நிலைப்பதில்லை. நம் நாட்டில் ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு மூடிற்று. அதே வருஷம் ஆகஸ்டில் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் சொன்னது. நடுவில் நிற்பவர்களும் கைமாறுகிறார்கள். டியூன்கோர் 2015இல் பிரான்சின் பிலீவ் கம்பெனிக்குப் போனது. சி.டி. பேபியின் கதை இன்னும் நீளம். டெரெக் சிவர்ஸ் என்ற பாடகர் தன் சொந்த சி.டி.யை விற்கக் கடை கிடைக்காமல் தொடங்கியது அது; பிறகு நண்பர்களுடையதையும் விற்றுக் கொடுத்தார். 2008இல் அவர் அதை விற்றார். 2019இல் அது டவுன்டவுன் கம்பெனியின் கைக்கு வந்தது. அந்த டவுன்டவுனை வாங்கப்போவதாக 2024 டிசம்பரில் யூனிவர்சல் குழுமம் அறிவித்தது. பெரிய கம்பெனியின் வாசலில் நிற்க மனமில்லாத ஒருவர் கட்டிய திண்ணையை, அவர் விற்றுப் பதினாறு வருஷம் கழித்து உலகத்தின் மிகப் பெரிய இசைக் கம்பெனி விலை கேட்டது. நிபந்தனைகளை எழுதிய கை ஒன்று, அவற்றை நடத்தப்போகும் கை வேறொன்று. எந்தச் சேவையில் சேர்ந்தாலும் இதை மனதில் வைத்துத்தான் சேர வேண்டும் என்று நினைக்கிறேன்.

காஞ்சிபுரம் இந்த இழப்பை அறிந்த ஊர். நயினாப்பிள்ளை (1889–1934) இந்த ஊர்க்காரர். பக்கவாத்தியக்காரர்கள் மேடை நிறைய உட்காரும் 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரியையும் அவருடைய தாளக் கட்டையும் இன்னும் பேசுகிறார்கள். அவர் குரலை மட்டும் கேட்க வழியில்லை, பதிவு எதுவும் விட்டுப்போகவில்லை. அவரிடம் பாடம் கேட்ட பிருந்தா, முக்தா, சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை ஆகியோரின் பாட்டில் அவர் எங்காவது தென்படுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பிருந்தாவைக் கேட்கும்போதெல்லாம் பின்னாலிருந்து இன்னொரு குரல் வருமா என்று காத்திருப்பேன்.

பதிவு செய்தவர்களின் நிலைமை வேறு மாதிரி. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் தட்டுக்குப் பாடியபோது, கடைசியில் ஆங்கிலத்தில் தன் பேரைத் தானே சொல்லி முடித்தார். தட்டு அச்சாவது ஜெர்மனியில் ஹனோவரில்; அங்கே இருக்கும் தொழிலாளிக்கு இது யார் பாடியது என்று தெரிய வேண்டுமே. கடல் தாண்டி, பாஷை தெரியாத ஒருவர் மேசை மேல் தன் பாட்டு அநாதையாகக் கிடக்கக் கூடாது என்று ஒரு பெண் வாய் திறந்து பேரைச் சொன்னது எனக்கு மிகப் பெரிய காரியமாகப் படுகிறது. இன்றைக்கு அந்த வேலையைப் படிவம் செய்கிறது.

அந்தப் படிவத்தில் அக்கா மகள் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். பாடியவர் பேர் எழுதியாயிற்று. அதே பேரில் வேறு பாடகி இருந்தால் இவள் பாட்டு அவள் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து முன்னால் ஊர்ப் பேரைச் சேர்த்தாள். பாடலாசிரியர் என்ற கட்டத்தில் முதற்பேர், கடைசிப் பேர் இரண்டும் கட்டாயம். திருஞான என்பது முதற்பேரா? சம்பந்தர் கடைசிப் பேரா? வகை என்ற கட்டத்தில் தேவாரம் கிடையாது. 'பக்தி' என்ற பெரிய கூடையில்தான் போட வேண்டும், பண் என்று எழுத இடமே இல்லை. ஆங்கில எழுத்தில் மாகறல் என்பதை எப்படி எழுதுவது என்று அடுத்த சிக்கல். நடுவில் வரும் எழுத்தைக் ககரமாக எழுதினால் ஒரு மாதிரியும் ஹகரமாக எழுதினால் வேறு மாதிரியும் தேடுபவர்கள் இருப்பார்கள். கடைசியில் தமிழிலேயே தலைப்பு வைத்தாள். தேடுகிறவர்கள் தமிழில் தேடட்டும் என்றாள்.

இன்னொரு கட்டம் இருந்தது. யூடியூபில் இந்த ஒலி எங்கே வந்தாலும் கண்டுபிடித்து, அந்த வீடியோவின் விளம்பரக் காசில் பங்கு வாங்கித் தரட்டுமா என்ற கேள்வி. கன்டென்ட் ஐடி என்பார்கள். டிக் அடித்தால் கூடுதலாகக் கொஞ்சம் வரும் என்று தோழி சொன்னாள். இவள் விதிகளைப் பார்த்தாள். பதிவில் இருக்கிற எல்லா ஒலியும் நமக்கே உரியதாக இருந்தால்தான் டிக் அடிக்கலாம். தம்புரா ஒரு செயலியிலிருந்து வந்தது; அதே தம்புராவை வைத்து ஆயிரம் ஓதுவார்கள் பாடிக்கொண்டிருப்பார்கள். நாளைக்கு ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு சின்னப் பிள்ளை பிரதோஷத்தில் பாடியதை அவன் அப்பா யூடியூபில் போட, இயந்திரம் குழம்பி அதன் மேல் இவள் பேரில் உரிமை கோரினால்? இப்படிப்பட்ட உரிமைக் கோரலில் அகப்பட்டுப் பதில் எழுதி அலுத்துப்போன ஓதுவார் ஒருவரை எனக்கே தெரியும்.

"இந்தக் குரல் என்னுது, அத எழுதிக் குடுக்கறேன். பாட்டு எப்படி மாமா என்னுதாவும்?" என்று சொல்லி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். நான் அவள் இசைப்பள்ளி ஆசிரியர்களை மனதுக்குள் வணங்கினேன்.

அந்தப் பதிகத்தின் முதல் பாட்டு கோயிலில் தொடங்குவதில்லை, வயலில் தொடங்குகிறது. கழனியில் வேலை செய்யும் உழத்தியர் பாடுகிற, விளையாடுகிற ஓசையைத்தான் சம்பந்தர் முதலில் கேட்கிறார். ஊருக்குள் வரும் வழியில் காதில் விழுந்திருக்க வேண்டும். அந்தப் பெண்கள் என்ன பாடினார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் பாட்டின் ஓசை மட்டும் இன்னொருவர் பாட்டுக்குள் ஏறிக்கொண்டு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டுக்குள்ளும் அப்படி ஒரு பெண் இருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய வள்ளியம்மாள், அந்தப் பாட்டைப் பாடிய அறிவின் பாட்டி. அறிவு எங்களுக்குப் பக்கத்து அரக்கோணத்துப் பிள்ளை. தனி இசைக் கலைஞர்களுக்காகவே தொடங்கப்பட்ட மாஜா என்ற மேடையின் வழியாக வந்த பாட்டு அது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் கேட்டார்கள். மூன்று வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை காசு வந்து சேரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பொதுவில் சொன்னார். அந்த வழக்கில் தீர்ப்பு எழுதுவது என் வேலை இல்லை. அதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதைச் சொல்லலாம். திரைப்பட இசையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவருக்கே, கணக்குப் புத்தகம் யார் கையில் என்ற கேள்வி கடைசியில் வந்து நிற்கிறது. கடைகளின் கணக்கு நேராக நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பாட்டை இறக்கவும் வேறு இடத்துக்கு மாற்றவும் நம் கையால் முடிய வேண்டும் என்று அக்கா மகளிடம் நான் வற்புறுத்தியது அந்தத் தூக்கம் கெட்ட ராத்திரியின் பயன். இடம் மாறும்போது ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை மட்டும் விடாமல் எடுத்துப்போக வேண்டும். புது எண் வாங்கினால் அதுவரை கேட்டவர்களின் கணக்கு பழைய எண்ணோடு போய்விடலாம். நெசவுக்காரர்கள் வீடு மாறும்போது தறியை எப்படியாவது கழற்றித் தூக்கிப் போவார்கள், அந்த மாதிரி.

முடிவாக, ஒருமுறைக் கட்டணம் வாங்கி வருவதில் பங்கு எடுக்கும் சேவை ஒன்றில் கொடுத்தாள். சந்தா கட்டவில்லை என்பதற்காக அந்தப் பாட்டு இறங்காது. கம்பெனியே கைமாறினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அதற்கு ஒப்பந்தத்தில் விடை தேடி அவள் நேரத்தை வீணாக்கவில்லை. சுருக்கப்படாத மூலக் கோப்பை மூன்று பென் டிரைவில் ஏற்றினாள். ஒன்று வீட்டு அலமாரியில், ஒன்று இசைப்பள்ளி ஆசிரியரிடம். மூன்றாவதை எடுத்துக்கொண்டு மாகறலுக்குப் போனோம்.

அங்கே சுவாமிக்குப் பல பேர். மாகறலீசர், உடும்பீசர், புற்றிடங்கொண்டநாதர். இன்னொரு பேர் அடைக்கலங்காத்தநாதர். அடைக்கலம் என்பதைத் தஞ்சம் என்ற ஒரே பொருளில்தான் இப்போது சொல்கிறோம். பழைய தமிழில் அது ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருளுக்கும் பேர். ஒப்படைத்தவர் வரும் வரை அதைக் காப்பது வாங்கியவரின் கடமை. அதை வைத்து வட்டிக்கு விடக் கூடாது, தன்னுடையது என்று சொல்லக் கூடாது, கேட்ட அன்று கேட்ட மேனிக்குத் திருப்பித் தர வேண்டும். குத்தகைக்கும் வாரத்துக்கும் ஒற்றிக்கும் டாலர் கணக்கில் விடை தேடிக்கொண்டிருந்த எனக்கு, அவள் முதல் நாளிலிருந்து தேடியது இந்த நான்காவது ஒன்றை என்பது அந்தச் சந்நிதியில் நிற்கும்போதுதான் உறைத்தது. அப்படிக் காக்கும் கம்பெனி உலகத்தில் உண்டா என்றால், நான் பார்த்தவரை இல்லை. இருப்பவற்றுள் அதற்குக் கிட்டத்தில் வருவது எது என்றுதான் தேட முடிகிறது. பென் டிரைவை அங்கே தேவாரம் பாடுகிற பெரியவரிடம் கொடுத்தாள். அவர் அதை விபூதிப் பையில் போட்டுக்கொண்டு, "பந்துவராளியிலதான பாடினே?" என்று மட்டும் கேட்டார்.

வெளியாகி இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் கணக்கு வந்தது. தொகையைச் சொல்வதற்கில்லை, சுழிக்குப் பின்னால் புள்ளி, புள்ளிக்குப் பின்னால் பல சுழிகள். அவள் அதைப் பார்க்கவே இல்லை. அடுத்த பக்கத்தில் எந்த ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று இருந்தது. சென்னை 61. கோயம்புத்தூர் 9. சிங்கப்பூர் 7. யாழ்ப்பாணம் 4. டொரன்டோ 3. லண்டன் 1. அந்த ஒன்று யாராக இருக்கும் என்று வீட்டில் ஒரு மணி நேரம் பேசினோம். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். மாம்பழக் கலர் புடவை எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டே போன மனிதருக்கு இப்படி ஒரு பக்கம் கிடைத்திருந்தால் எப்படி வைத்துக் காப்பாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

கீழே இறங்கி வந்தபோது அக்கா மகள் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். கடைக்கணக்கு எழுதுகிற சிவப்பு அட்டை நோட்டு. முதல் வரியில் பதிகத்தின் பேர், பண், பதிவு செய்த மூன்று தேதிகள். அடுத்து வயலின் வாசித்தவர் பேர், மாடியைக் கொடுத்த தோழியின் பேர். அதற்குக் கீழே ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணின் பன்னிரண்டு எழுத்துகள், கட்டம் போட்டு, ஒவ்வொன்றாக. பிறகு மின்னஞ்சல், கடவுச்சொல், பென் டிரைவ்கள் இருக்கும் மூன்று இடங்கள். கடைசியாக, "எனக்கு அப்புறம் தம்பி. அவன் பாடலன்னாலும் பரவால்ல, பாடற புள்ளைங்ககிட்ட குடுக்கணும்" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டாள். நோட்டை என் அக்காவிடம் நீட்டினாள். அக்கா கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, வீட்டுப் பத்திரம் இருக்கிற டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.